இசைவு கேட்கவும் இரவற்சொல்லா?

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன், பள்ளி திறந்த மூன்றாம் நாள், காலந்தாழ்ந்து வந்து வகுப்பறை வாயிலில் நின்றான். கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு, ‘மே ஐ கமின் சார்’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். ஒப்பித்து முடிக்குமுன்பே அவன் வலக்கால் அறைக்குள் வந்துவிட்டது. அவனை அருகில் அழைத்து, “நீ இப்பொழுது சொன்னதற்கு என்ன பொருள், தம்பி?” என்று வினவினேன். அவன் சற்றும் தயங்காமல், “உள்ளே வந்துவிட்டேன் என்று பொருள், ஐயா” என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சிறுவன் ஆங்கில மழலைப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பு முடியப் படித்தவன். நாள்தோறும் வாயிலில் நின்று அவன் சொல்லிய அந்நான்கு சொற்களும் அவனைப் பொறுத்தவரையில் சொற்களே அல்ல, கதவைத் திறக்கும் ஓர் ஒலி, அவ்வளவே. தான் இசைவு வேண்டுகிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வேண்டுகின்றவன் தான் வேண்டுவதை அறியாமலே வேண்டக் கற்றுக்கொண்டிருக்கிறான்! இதைக் கல்வி என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் பறித்திருக்கிறார்கள்.

அவன் சொல்லியிருக்க வேண்டியது என்ன? ‘உள்ளே வரலாமா, ஐயா?’ தமிழ்க் குழந்தை ஒவ்வொன்றும் தாய் மடியிலேயே கற்றுக்கொள்ளும் தொடர் இது. இதன் அமைப்பை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வரல் + ஆம் + ஆ. வரல் என்பது தொழிற்பெயர். ஆம் என்பது ஆகும் என்பதன் தொகுத்தல். இறுதி ஆகாரம் வினா. ‘யான் வருதல் ஆகுமா? இப்பொழுது அது பொருந்துமா?’ என்பதே கேள்வி. இங்கே கேட்பவன் தாழ்ந்து நிற்கவில்லை. கேட்கப்படுபவன் உயர்ந்து நிற்கவில்லை. இருவர்க்கும் பொதுவான தகுதி ஒன்று நடுவில் நிற்கிறது. அதைச் சுட்டியே வினா எழுகிறது. ‘வரலாம்’ என்று விடையிறுக்கும் ஆசிரியரும் தம் ஆணையைச் சொல்லவில்லை, தகுதியையே சொல்கிறார்.

இன்னும் ஒன்று. விருந்தினர் விடைபெறும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை, ‘வரட்டுமா?’ என்கிறோம். இந்த ‘ட்டும்’ எங்கிருந்து வந்தது? வர + ஒட்டும் என்பதே வரட்டும் என மருவிற்று. ஒட்டுதல் என்பது உடன்படுதல், இசைதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினை. ‘உள்ளே நுழைய ஒட்டாமல் தடுத்தான்’ என்று இன்றும் எழுதுகிறோமே, அந்த ஒட்டுதல்தான். பெரியாழ்வார் இறைவனை வளைத்து வைத்துக்கொண்டு இனி விலகிச் செல்ல விடமாட்டேன் என்று பாடுமிடத்தில் நிற்பதும் இவ்வொட்டுதலின் எதிர்மறையே. மலையாளத்தார் ‘போகட்டே’ என்பதிலும் இதுவே உண்டு. (தேர்தலில் போடும் ‘ஓட்டு’ இதுவன்று, அது ஆங்கிலச் சொல். இரண்டையும் குழப்பிச் சொற்பிறப்புக் கூறுவோர் சிலர் உளர். நம்மவரேயாயினும் அவ்வகைப் பிழையை நாம் ஏற்றல் கூடாது.)

ஆக, ‘அவன் பேசட்டும்’, ‘மழை பெய்யட்டும்’, ‘வேலை முடியட்டும்’ என்று வாய்திறக்குந்தோறும் தமிழன் இசைவளிக்கும் தமிழ் வினையைத் தன்னை அறியாமலே ஆண்டுகொண்டிருக்கிறான். எழுத்தறியாத உழவனும் நாளொன்றுக்கு ஐம்பது முறை ஆள்கிறான். அதே தமிழன் நாற்காலியில் அமர்ந்தவுடன், ‘அவனை அலவ் பண்ணாதே’, ‘பர்மிசன் இல்லாமல் எப்படி அலவ் பண்ணினாய்?’ என்று பேசத் தொடங்கிவிடுகிறான். நாற்காலிக்கும் நாவுக்கும் அப்படி என்ன உறவு?

‘அலவ்’ பண்ணுகிறவர்கள் அச்சொல்லையாவது அறிவார்களா? பழம் பிரெஞ்சில் அலுவே என்பதுபோல் ஒலித்த ஒரு சொல்லிலிருந்து அது ஆங்கிலத்திற்கு வந்தது. அப்பிரெஞ்சுச் சொல்லிலோ இரண்டு இலத்தீன் சொற்கள் ஒலிதேய்ந்து கலந்துவிட்டன. ஒன்றற்குப் ‘புகழ்தல்’ என்று பொருள். மற்றதற்கு ‘ஓரிடத்தில் வைத்தல்’ என்று பொருள். புகழ்ந்து ஏற்றுக்கொள்ளல் என்பதும் இடங்கொடுத்தல் என்பதும் ஒன்றாய்க் கலந்தே இற்றைப் பொருள் பிறந்தது. நாமும் ‘இடங்கொடுத்தல்’ என்கிறோம் அல்லமோ? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்னும் பழமொழி இச்சொல்லுக்கே பொருந்தும். நாவில் சற்றே இடங்கொடுத்தோம், வீட்டையே பிடுங்கிக்கொண்டது. இனித் தமிழில் அலவன் என்றால் நண்டு. நெய்தல் நில மகளிர் கடற்கரையில் அலவன் ஆட்டி விளையாடியதைச் சங்கப் பாடல்கள் கூறும். ‘அலவன்சு வந்ததா?’ என்று ஆசிரியர் அறையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நண்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலத்தில் ‘லெட்’ என்று மற்றொரு சொல் உண்டு. அது விடு என்னும் பொருளது. ஆனால் அதே ஒலியும் அதே எழுத்தும் உடைய வேறொரு ‘லெட்’ தடை என்னும் பொருளது! பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரு சொற்கள் தேய்ந்து ஒன்றாய் நிற்கின்றன. தென்னிசு எனப்படும் வரிப்பந்தாட்டத்தில், முதலடியில் பந்து வலையைத் தொட்டுச் சென்றால் நடுவர் ‘லெட்’ என்கிறாரே, அது இந்தத் தடைச் சொல். நம் கடவுச்சீட்டின் உட்பக்கத்தைப் புரட்டுங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் பிறநாட்டு அலுவலரை வேண்டும் ஆங்கிலத் தொடரொன்று அங்கே அச்சிடப்பட்டிருக்கிறது. சீட்டு உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுக என்பது அதன் கருத்து. விடுதலைக் குறிக்க ‘அலவ்’ வருகிறது; தடையைக் குறிக்க ‘லெட்’ வருகிறது. அத்தொடர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உண்டு, தமிழில் இல்லை. தமிழன் உலகெங்கும் செல்கிறான். அவனைச் செல்லவிடுமாறு கேட்கும் சொல் மட்டும் அவன் மொழியில் இல்லை.

‘சாங்சன்’ என்பதோ இன்னும் விந்தையானது. அலுவலகத்தில் அது ஒப்பளிப்பு. ‘கடன் சாங்சன் ஆகிவிட்டது’ என்று மகிழ்கிறார்கள். நாடுகளிடையே அதுவே பொருளியல் தடை. ஒரே சொல் கொடுக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இத்தகைய வழுக்கல் நிலத்தைத்தான் ‘ஆங்கிலத்தில் சொன்னால் தெளிவாக இருக்கும்’ என்று நம்மிடம் சொல்கிறார்கள்.

ஆயினும் ஆங்கிலச் சொற்களின் குற்றம் கூறுவது என் நோக்கமன்று. அவை அம்மொழிக்குரியார்க்கு ஏற்றனவாய் இருக்கட்டும். (இருக்க ஒட்டும், நாம் தடுக்கவில்லை.) நான் காட்ட விரும்புவது வேறு. இசைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் ஆங்கிலர்க்கே உரியவை எவை, வந்தேறியவை எவை என்று பிரித்துப் பாருங்கள். ‘லெட்’ அவர்களுடையது. ‘லீவ்’ அவர்களுடையது. ‘அலவ்’, ‘பர்மிட்’, ‘லைசென்சு’, ‘கிராண்டு’, ‘கன்சென்ட்’ ஆகிய அனைத்தும் பிரெஞ்சு வழியாகவோ இலத்தீனிலிருந்தோ வந்தவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரண்மனையும் மன்றமும் பிரெஞ்சு பேசின. ஏரும் மாடும் ஆங்கிலம் பேசின. இசைவு வேண்டியவன் ஆங்கிலன். இசைவு கொடுத்தவன் நார்மானியன். எனவே வேண்டும் சொற்களும் கொடுக்கும் சொற்களும் நார்மானியனுடையவையாய் அமைந்தன. ஆங்கிலனுக்கே உரிய ‘லீவ்’ என்னும் சொல்லுக்கு இசைவு என்பதே மூலப்பொருள். அது நாளடைவில் ஒடுங்கி, பெரும்பாலும் வேலைக்கு வராதிருக்கப் பெறும் இசைவை, அஃதாவது விடுப்பைக் குறித்து நிற்கிறது.

ஆண்டவன் மொழியில்தான் அடிமை இசைவு கேட்பான். இஃது எல்லா நாட்டுக்கும் பொது. இனி நம் வீட்டைப் பாருங்கள்.

விடை என்பது விடு என்னும் அடியிற் பிறந்த நம் சொல். விடை கொடுத்தல், விடை பெறுதல் என்பன இன்றும் வழங்குகின்றன. வினாவுக்கு விடை என்பதும் அதுவே. இதனை ஓரத்தில் தள்ளிவிட்டு வடமொழியாளர் செல்வாக்கால் ‘உத்தரவு’ வந்து அமர்ந்தது. வடமொழியில் உத்தரம் என்பதற்கும் மறுமொழி என்றே பொருள். அஃதாவது, நம்மிடம் இருந்த விடையையே வேறு மொழியில் வாங்கினோம்! ‘உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்’ என்று பெரியோர்முன் குனிந்தோம். பின்னர் அச்சொல் மேலும் முறுக்கேறி ஆணை என்றாயிற்று. ‘சம்மதம்’ வந்தது. ‘அனுமதி’ வந்தது. அனுமதி என்பது வேதத்தில் ஒரு பெண் தெய்வத்தின் பெயரும் ஆகும். நவாபுகள் காலத்தில் அரபுவழிச் சொல்லாகிய ‘இரசா’ வந்தது. என் பாட்டனார் பள்ளி விடுமுறையை இரசா என்றே சொல்வார். அதற்கும் மூலப்பொருள் இசைவு, உடன்பாடு என்பதுதான். அதன்பின் வெள்ளையன் வந்தான். ‘லீவு’ம் ‘பர்மிசனு’ம் கொணர்ந்தான். ஆள வந்தவர் அனைவரும் போய்விட்டனர். ஒவ்வொருவரும் போகும்போது, தம்மிடம் நாம் கைகட்டி நின்று கேட்ட சொல்லை மட்டும் நம் வாயில் விட்டுச் சென்றுள்ளனர். நிலத்தை மீட்டோம், கருவூலத்தை மீட்டோம், கைகட்டி நின்ற சொல்லை மட்டும் மீட்கவில்லை.

இச்சொற்கள் நம் வாயில் அடைந்த நிலையைக் கண்டால் அவற்றைத் தந்தவர்களே இரங்குவர். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இன்று ‘பர்மிசன்’ என்பதற்கு இசைவு என்ற பொருளே போய்விட்டது. ஒரு மணி நேரம் காலந்தாழ்ந்து வருவதற்கு, அல்லது முன்கூட்டிச் செல்வதற்குப் ‘பர்மிசன்’ என்று பெயர். ‘நேற்றுப் பர்மிசன் போட்டேன்’, ‘இந்தத் திங்களில் இரண்டு பர்மிசன் போய்விட்டது’ என்று எண்ணிக்கையிட்டுப் பேசுகிறார்கள். ‘லீவையும்’ போடுகிறார்கள். பட்டாணியைப் போடுவதுபோல, எல்லாவற்றையும் போடுகிறார்கள்.

அனுமதியின் நிலையோ அதனினும் இரங்கத்தக்கது. ‘நெஞ்சுவலியால் துடித்த முதியவர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அம்முதியவர் யாரிடம் இசைவு கேட்டார்? யார் மனமிரங்கிக் கொடுத்தார்? ‘அட்மிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகரமுதலியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்று எழுத எவர் தடுத்தார்? பொருட்காட்சி வாயிலில் ‘அனுமதி இலவசம்’ என்று எழுதி வைக்கிறார்கள். நுழைவுக்குக் கட்டணமில்லை என்பது கருத்து. பள்ளியில் சேர்க்கை நடந்தால் ‘மாணவர் அனுமதி’. இங்ஙனம் சேர்த்தல், நுழைதல், இசைதல் ஆகிய மூன்று வேறு செயல்களும் ஒரே சாக்கில் திணிக்கப்படுகின்றன. நம்மிடம் மூன்றற்கும் மூன்று சொல் இருந்தன. இன்று மூன்றற்கும் ஒன்று. இதனைச் சொல்வளம் என்று கூறுவோர் உளர்!

வடசொல்லை நம்பியவர்க்கு உடன்பிறந்த மொழியிலேயே ஓர் எச்சரிக்கை உண்டு. மலையாளத்தில் ‘அனுவாதம்’ என்றால் இசைவு. இந்தியில் அதுவே மொழிபெயர்ப்பு. ஒரே வடசொல், எல்லை கடந்தால் வேறு பொருள். வேரற்ற மரம் காற்றடித்த பக்கம் சாயும். ஒட்டு, இசை, ஒப்பு, நேர், விடு என்பவற்றின் வேரோ நம் மண்ணில் இருக்கிறது. சொல்லைப் பார்த்த அளவில் பொருள் தெரியும். நேர்தல் என்பதையே கொள்வோம். அகப்பொருள் நூல்களில் தோழி குறைநேர்தல் என்றும், தமர் வரைவு நேர்தல் என்றும் துறைகள் வருகின்றன. தலைவன் குறையிரந்து நிற்கத் தோழி இசைவது ஒன்று. பெண்ணைத் தரப் பெற்றோர் உடன்படுவது மற்றொன்று. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுதல், நேர்த்திக்கடன் என்பனவும் அவ்வடியே. தாய் மகளை மணம் செய்துகொடுக்க ‘அலவ் பண்ணினாள்’ என்று எழுதினால் அது தமிழர் வாழ்க்கையாகுமா?

‘ஐயா, மக்களுக்கு விளங்கும் சொல்லைச் சொல்லுங்கள், அனுமதி என்றால் எவர்க்கும் விளங்குகிறது, இசைவு என்றால் விழிக்கிறார்களே’ என்று கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. இவர்களைப் பகைவர் என்று தள்ள நான் விரும்பவில்லை. கல்லூரியில் என்னோடு இலக்கணம் படித்தவர்களும் இவர்களுள் உளர். அவர்க்கு ஒரு கேள்வி. அகவிலைப்படி என்னும் சொல் எப்படி விளங்கிற்று? ‘அலவன்சு’ என்பதற்குப் படி என்று ஆட்சித்தமிழில் எழுதினார்கள். அகவிலை என்பதும் ஏட்டிலிருந்து வந்ததுதான். இன்று அரசாணை வெளிவரும் நாளில் அகவிலைப்படி எத்தனை விழுக்காடு உயர்ந்தது என்று தெரியாத ஆசிரியர் ஒருவர் உண்டா? பயன் உண்டு என்றால் எச்சொல்லும் ஒரே நாளில் விளங்கும். ஓட்டுநர் உரிமம் விளங்கவில்லையா? நுழைவுச்சீட்டு விளங்கவில்லையா? கடவுச்சீட்டு விளங்கவில்லையா? விழிக்கிறவர்கள் மக்கள் அல்லர். மக்களுக்கும் சொல்லுக்கும் நடுவில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவர்களே.

‘ஆங்கிலமே கடன் வாங்கி வளர்ந்ததன்றோ?’ என்பர் வேறு சிலர். வாங்கியதன்று, வாங்க வைக்கப்பட்டது. வென்றவன் மொழி தோற்றவன் வாயில் ஏறியதை வளர்ச்சி என்று கொண்டாடுதல், தழும்பை அணிகலன் என்பதுபோலும். அன்றியும் ஆங்கிலன் அதோடு நின்றுவிடவில்லை. 1362ஆம் ஆண்டிலேயே, வழக்கு மன்றங்களில் பிரெஞ்சு மொழியில் வழக்காடினால் மக்களுக்கு விளங்கவில்லை என்று கூறி, ஆங்கிலத்திலேயே வழக்காடுதல் வேண்டும் எனச் சட்டம் இயற்றிக்கொண்டான். அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது என்பது நகைப்புக்குரிய உண்மை. எனினும் சட்டம் வந்தது, மொழி மீண்டது.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லாமல் விடலாம் என்றும் எண்ணினேன். ஆயினும் சொற்பிறப்பு மட்டுமே என் சினத்துக்குக் கரணியம் என்று எவரும் நினைத்துவிடலாகாது.

என் தங்கையின் பெயர்த்திக்கு அப்பொழுது ஐந்தாண்டு. நகரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் மாலை குழந்தை வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளறையில் போய் நின்றுகொண்டாள். பாவாடை ஈரமாயிருந்தது. மெல்ல மெல்லக் கேட்டபோது செய்தி தெரிந்தது. வகுப்பில் அவள் எழுந்து, “அம்மா, ஒன்றுக்குப் போகணும்” என்று கேட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் கேட்டால்தான் விடுவேன் என்று சொல்லியிருக்கிறார் அந்த ஆசிரியை. குழந்தைக்கு அந்தத் தொடர் பாதிதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ‘மே ஐ’ என்றவள் மேலே சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறாள். முழுவதும் சொல் என்று மீண்டும் கூறியிருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே நேர்ந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

மறுநாள் நான் அப்பள்ளிக்குச் சென்றேன். வாயிற்காவலர் என்னை நிறுத்திப் ‘பர்மிசன்’ சீட்டு எழுதச் சொன்னார். எழுதினேன், தமிழில் எழுதினேன். அரைமணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். தலைமையாசிரியை பண்பாகத்தான் பேசினார். “நாங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கைப் பழக்குகிறோம். வீட்டிலும் ஆங்கிலத்தில் கேட்கப் பழக்கினால் இப்படி நேராது” என்றார். ‘அம்மா, அக்குழந்தை கேட்டது உங்களுக்கு விளங்கவில்லையா?’ என்று கேட்டேன். விளங்கிற்று என்று ஒப்புக்கொண்டார். விளங்கியும் விடவில்லை! மொழி தெரியாமையன்று அது. தெரிந்தே செய்த செயல். இதைக் காட்டிலும் எனக்கு வலித்தது வேறு. வீடு திரும்பியதும் என் தங்கை, “அண்ணா, இதைப் பெரிதாக்கிவிடாதீர்கள், பிள்ளை அங்கேதானே இன்னும் பன்னிரண்டு ஆண்டு படிக்க வேண்டும்” என்றாள். நான் ஒன்றும் பெரிதாக்கவில்லை. அடங்கிவிட்டேன். அதன்பின் சில திங்கள் வரை அக்குழந்தை வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கும் ‘மே ஐ’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பாள்.

அக்குழந்தையின் நிலையும் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களின் நிலையும் வேறல்ல என்பதற்குச் சென்னையில் உயர்முறைமன்றம் ஒன்று சான்றாக நிற்கிறது. உயர்நீதிமன்றம் என்று வழங்கும் அம்மன்றம் 1862இல் அமைந்தது. ஆங்கிலன் தன் மன்றங்களைத் தன் மொழிக்கு மீட்ட 1362க்குச் சரியாக ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஆங்கிலன் நம் மண்ணில் நாட்டிய மன்றத்தில் நம் மொழிக்கு இடமில்லை. அவன் சென்றபின்னும் இடமில்லை. இந்திய அரசமைப்பின் 348ஆம் பிரிவு உயர்மன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கிறது. மாநில ஆட்சிமொழியை அங்கே வழங்க வேண்டுமாயின், ஆளுநர் இசைவளிக்க வேண்டும். அதற்குக் குடியரசுத் தலைவரின் முன்னிசைவு வேண்டும். 1965இல் நடுவண் அமைச்சர் குழு செய்த முடிவின்படி, தலைமை நடுவரின் இசைவையும் பெறவேண்டும். ஓர் இசைவுக்குள் ஓர் இசைவு, அதற்குள் மற்றோர் இசைவு!

இராசத்தானத்திற்கு 1950இலேயே இந்திக்கு இசைவு கிடைத்தது. உத்தரப்பிரதேசத்திற்கு 1969இல்; மத்தியப்பிரதேசத்திற்கு 1971இல்; பீகாருக்கு 1972இல். தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் நிறைவேற்றித் தமிழுக்கு வேண்டிற்று. உச்சமன்றம் ஒப்பவில்லை. 2012இலும் தமிழ்நாட்டின் வேண்டுகையோடு வேறு சில மாநிலங்களின் வேண்டுகைகளையும் சேர்த்துப் பார்த்து, ஏற்பதற்கில்லை என்றே முடிவு செய்தது. கீழ்மன்றத்தில் தமிழில் அழுதவன் மேல்மன்றத்துக்குப் போனால் அவன் அழுகையை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். தன் நிலத்துக்கும் உயிர்க்குமான வழக்கில், தன் வழக்குரைஞர் என்ன பேசுகிறார் என்று தெரியாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். எழுந்து கேட்டால் மட்டும் என்ன சொல்வார்கள்? ‘முழுவதும் சொல்’ என்பார்கள்.

இதற்குரிய போராட்டத்தை வழக்குரைஞர்கள் நடத்துகிறார்கள், நடத்தட்டும். ஆசிரியனாகிய என் கையில் இருப்பது ஒரு வகுப்பறையும் ஒரு பதிவேடும். என் குற்றத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர் தரும் விடுப்பு மடல்களின் கீழே ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான். தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக் கொடுத்துத் தமிழால் உண்பவன். ஒருநாளும் கை கூசவில்லை. இப்பொழுது ‘இசைந்தேன்’ என்று எழுதுகிறேன். மாணவர் மடலிலும் ‘விடுப்புத் தர இசையுமாறு வேண்டுகிறேன்’ என்று எழுதக் கற்பிக்கிறேன். முதலில் கூறினேனே, அச்சிறுவன், அவன் முதலில் எழுதினான். ‘இசை’ என்பதற்கு இரண்டு சுழி போட்டு எழுதிக் கொடுத்தான். அதையும் திருத்தியாயிற்று. வாயிலில் நிற்கும்போது இப்போது ‘வரலாமா, ஐயா?’ என்கிறான், நான் ‘வரலாம்’ என்று சொல்லும்வரை காலைத் தூக்குவதில்லை.

ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் ஒரு மணி நேர விடையைக் குறிக்க ஆங்கில எழுத்தையே இட்டு வந்தார்கள். சென்ற திங்கள் எனக்குரிய கட்டத்தில் ‘வி’ என்று எழுதினேன். அலுவலக எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஐயா, ‘வி’ என்றால் விடுப்பா, விடுமுறையா? ஊதியப் பட்டியலில் எதில் ஏற்றுவது?” என்று கேட்டார். கேள்வி செப்பமான கேள்வியே. முழு நாளுக்கு ‘விடுப்பு’ என்றும், மணி நேரத்துக்கு ‘விடை’ என்றும் முழுச்சொல்லாகவே எழுதிவிடுவோம் என்றேன். கட்டம் சிறிது, இடம் போதாது என்றார். அடுத்த ஆண்டுப் பதிவேட்டுக்குக் கட்டத்தைச் சற்று அகலமாகக் கோடிடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இன்னும் இசையவில்லை.